விட்டெல்லியஸின் கன்னத்துக்கு எவ்வளவு சிவப்பு?

கேள்வி (வாசகர் ஒருவர், 6 ஜனவரி)

17ஆம் நூற்றாண்டு பரோக் ஓவியர்கள் வரைந்த ரோமப் பேரரசர் படங்களை உருவப்படம் என்று சொல்வதே தப்பு. செத்து 1,500 வருஷத்துக்கு மேல் ஆன ஆளை எவன் பார்த்தான்? தெருவில் போகிற ஒருத்தனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தலையில் இலையைச் செருகி, கீழே நீரோ, சீசர் என்று பெயர் போட்டுவிட்டார்கள். இதற்குப் போய் அரண்மனையில் தனி அறை!

6 ஜனவரி, இரவு 10.20

பாதி ஒத்துக்கொள்கிறேன். தெருவில் போகிறவனை உட்காரவைத்திருக்கலாம், ஆனால் முகம் அவனுடையது அல்ல. முகம் காசிலிருந்து வந்தது. ரோமக் காசில் அரசன் தலை பக்கவாட்டில் இருக்கும், சுற்றிலும் பெயர் இருக்கும். ஆள் மாறாட்டத்துக்கு இடமில்லை. 1517லேயே ரோமில் காசுத் தலைகளை வரிசையாக அடுக்கிப் புத்தகம் அச்சிட்டுவிட்டார்கள். ஆக மூக்கு, தாடை, நெற்றி, கழுத்துச் சதை எல்லாம் ஓவியனுக்குக் கிடைத்தாயிற்று. கிடைக்காதது நிறம் ஒன்றுதான்.

கண் எரிகிறது. மீதி நாளைக்கு.

7 ஜனவரி

நான் ஏன் இதில் தலையிடுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். 31 வருஷம் ஒரு ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்த்தவன். பென்சிலால் நெகட்டிவில் சுருக்கம் எடுப்பது, கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பஞ்சில் கலர் ஒற்றுவது, இதுதான் பிழைப்பு.

காரியம் நடக்க இரண்டு நாள் இருக்கும்போது ஒரு குடும்பம் வரும். கையில் பழைய அடையாள அட்டை. "அப்பா படம் இது ஒண்ணுதான் சார் இருக்கு. பெருசு பண்ணி கலர்ல வேணும்." முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதிலும் பாதியில் ரப்பர் முத்திரை. அப்பா என்ன நிறம் என்று கேட்டால் எல்லாரும் சொல்வது ஒரே பதில்: மாநிறம். மாநிறத்தில் நூறு நிறம் இருக்கிறது! நான் என்ன செய்வேன் என்றால், மூத்த மகனை டியூப்லைட் அடியில் நிற்கவைத்துக் காது மடலையும் கழுத்தையும் பார்த்துக் கலர் கலப்பேன். முத்திரை மறைத்த கன்னத்தை எதிர்க் கன்னத்திலிருந்து எடுப்பேன். சட்டையை வெள்ளையாக்கிவிடுவேன், அதற்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

வாங்க வந்த அம்மா படத்தைப் பார்த்து அழுதால் வேலை சரி. ஒருமுறை ஒரு அம்மா, "இது அவரு இல்ல, அவங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தாடையை அரைச் சுற்று குறைத்து மறுபடி கொடுத்தேன்.

17ஆம் நூற்றாண்டு ஆண்ட்வெர்ப் ஓவியர் ரூபன்ஸ் செய்ததும் இதே வேலை. ஒரே வித்தியாசம், பார்த்து அழுவதற்கு அவருக்குக் குடும்பம் இல்லை.

7 ஜனவரி, மாலை

வித்தியாசம் அவ்வளவுதானா என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். திறமையில் மலைக்கும் மடுவுக்கும், அதை நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா.

ரூபன்ஸ் 1600இல் இத்தாலி போய், 1608 வரை மாந்துவாவின் கொன்சாகா பிரபுவிடம் சம்பளத்துக்கு இருந்தவர். அந்த அரண்மனையில் டிஷியன் என்ற வெனிஸ் ஓவியர் வரைந்த 12 சீசர்கள், அதாவது ஜூலியஸ் சீசரும் அடுத்து வந்த பேரரசர்களும், ஒரு அறை முழுக்க மாட்டியிருந்தன. முக்கால் உருவம், ஆள் அளவு. அவற்றை வருஷக்கணக்கில் பார்த்தவர். அப்புறம் ஆண்ட்வெர்ப்பில் சொந்த வீடு கட்டி, 1618இல் டட்லி கார்ல்டன் என்ற ஆங்கிலத் தூதரிடம் தன் ஓவியங்களைக் கொடுத்து ரோமச் சிலைகளைப் பண்டமாற்றாக வாங்கிக்கொண்டார். காசு, செதுக்குக் கல் என்று சேர்த்த பைத்தியம். ஆக அவர் ஒரு சீசரை வரைந்தால், மேசையில் காசு, மூலையில் சலவைக்கல் தலை, மனதில் டிஷியன்.

8 ஜனவரி

திருத்தம். டிஷியன் வரைந்தது 12 இல்லை, 11. நான்தான் அவசரப்பட்டேன். 1536 முதல் 1540 வரை ஃபெடரிகோ கொன்சாகாவுக்காக ஜூலியஸ் சீசரில் ஆரம்பித்து டைட்டஸ் வரை. பன்னிரண்டாவது டொமிஷியனைப் பிற்பாடு பெர்னார்டினோ காம்பி என்பவர் வரைந்து சேர்த்தார்.

டிஷியன் பரோக்கே இல்லையே என்று இன்னொருத்தர். உண்மைதான், அவர் 1576இல் செத்துப்போனார். ஆனால் பரோக் காலத்து சீசர்கள் பெரும்பாலும் அவர் வம்சம். பிராகில் இருந்த ஏகிடியஸ் சாடலர் இந்தத் தொகுதியைச் செப்புத் தகட்டில் செதுக்கினார், அச்சு ஐரோப்பா முழுக்கப் போனது. மாந்துவாவைக் கண்ணால் பார்க்காத ஓவியன்கூட டிஷியனின் சீசரைக் காப்பி அடிக்க முடிந்தது.

8 ஜனவரி, இரவு

அந்த 11 படமும் எங்கே என்று கேட்கிறீர்கள். ஒன்றும் இல்லை. கதை இப்படி.

கொன்சாகா குடும்பம் கடனில் மூழ்கி, 1627-28இல் மொத்தச் சேகரிப்பையும் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸுக்கு விற்றது. கப்பலில் ஓவியங்களோடு கூடவே பாதரசமும் உலர்திராட்சையும் ஏற்றினார்கள். எவன் போட்ட திட்டமோ! வழியில் பாதரசம் படங்களைக் கெடுத்துக் கருப்பாக்கிவிட்டது. அதிகம் அடிபட்டது விட்டெல்லியஸ் என்ற பேரரசரின் படம். 1632இல் லண்டன் வந்த ஓவியர் வான் டைக்கிடம் வேலை போனது. கணக்கில் இருக்கிறது: புதிதாக விட்டெல்லியஸ் வரைய 20 பவுண்டு, கால்பாவை ரிப்பேர் பார்க்க 5 பவுண்டு. எங்கள் ஸ்டூடியோவிலும் ரிப்பேருக்கும் புதுசுக்கும் ஏறக்குறைய இதே விகிதம்தான்.

சார்லஸ் 1633இல் வான் டைக்கிடம் தன்னையே குதிரைமேல், வெற்றி வளைவுக்குள் நுழைகிற மாதிரி வரையச் சொன்னார். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனை நீள மண்டபத்தின் கடைசியில் அதை மாட்டி, பக்கச் சுவரில் டிஷியனின் சீசர்கள். நடந்து போகிறவன் ஒவ்வொரு ரோமனாகத் தாண்டி, கடைசியில் சார்லஸிடம் போய் நிற்கவேண்டும். அந்த வரிசையில் பாதிப் பேர் கொலையுண்டவர்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை போல. 1649இல் சார்லஸ் தலையும் போயிற்று.

சீசர்கள் அடுத்து ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பிடம் போனார்கள். 1734 கிறிஸ்துமஸ் சமயம் மத்ரித் அல்காசர் அரண்மனை எரிந்தது. எத்தனையோ படங்களைச் சட்டத்திலிருந்து அறுத்து ஜன்னல் வழியே வீசிக் காப்பாற்றினார்கள். டிஷியனின் சீசர்கள் சாம்பல். இன்று நாம் பார்ப்பது சாடலர் அச்சும், காம்பி போன்றவர்கள் போட்ட நகல்களும்தான்.

10 ஜனவரி

முதல் நாள் எழுதியதில் இன்னொரு தப்பு. நிறம் கிடைக்கவில்லை என்றேன். கிடைத்தது, ஓரளவுக்கு. சூட்டோனியஸ்!

ஹேட்ரியன் என்ற ரோமப் பேரரசரிடம் செயலாளராக இருந்தவர், பன்னிரண்டு சீசர்களின் வாழ்க்கையை எழுதினவர். ஒவ்வொரு ஆளுக்கும் முடிவில் அங்க அடையாளம் சொல்லுவார், போலீஸ் ரெக்கார்டு மாதிரி. ஜூலியஸ் சீசர் வெளுத்த மேனி, கறுத்த துறுதுறு கண். அகஸ்டஸுக்கு லேசான பொன்னிற முடி, கூடிய புருவம், பல் சின்னது, இடைவெளி விட்டது, சொத்தை. நீரோவுக்குத் தடித்த கழுத்து, மேலெல்லாம் திட்டு. கால்பாவுக்கு நீலக் கண், வளைந்த மூக்கு, முன்மண்டை வழுக்கை. ஓத்தோ தலையில் இருந்தது டோப்பா.

வழுக்கை இந்தப் புத்தகத்தில் தனி விவகாரம். சீசருக்கு மன்றம் கொடுத்த கௌரவங்களிலேயே எப்போதும் இலை மாலை அணிகிற உரிமைதான் ரொம்பப் பிடித்ததாம், முன்தலையை மறைக்க. (லாரல் இலை. நம் பிரியாணி இலைக்குச் சித்தப்பா மகன் முறை.) டொமிஷியன் முடிப் பராமரிப்புக்குப் புத்தகமே எழுதினார், அவர் தலையிலும் ஒன்றுமில்லை.

வெஸ்பாசியன் முகம் எப்போதும் முக்குகிற மாதிரி இருக்குமாம். "என்னைப் பற்றியும் ஒரு நகைச்சுவை சொல்லேன்" என்று ஒரு விகடகவியிடம் கேட்டதற்கு, "நீங்கள் வெளிக்குப் போய் முடியுங்கள், அப்புறம் சொல்கிறேன்" என்றானாம். இதைப் படித்துவிட்டு எந்த ஓவியனாலும் வெஸ்பாசியனைக் கம்பீரமாக வரைய முடியாது. காசிலும் அவர் நெற்றி அப்படித்தான் சுருங்கியிருக்கும், பாருங்கள்.

ஆக மூக்கு காசிலிருந்து, நிறம் புத்தகத்திலிருந்து. அப்புறமும் மீதி இருக்கிறது. வெளுத்த மேனி என்றால் எந்த வெளுப்பு? இங்கேதான் மூத்த மகனின் காது மடல் வருகிறது.

11 ஜனவரி

சொத்தைப் பல்லோடு அகஸ்டஸை யாராவது வரைந்தார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உருவப்படத்தில் எவனும் வாயைத் திறப்பதில்லை, அகஸ்டஸ் தப்பித்தார்.

14 ஜனவரி

பொங்கல் வேலையில் இரண்டு நாள் எழுத முடியவில்லை. நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

மகள் பெர்லினில் இருக்கிறாள். போன முறை போனபோது க்ரூனவால்ட் காட்டுக்குள் இருக்கிற வேட்டை மாளிகைக்குக் கூட்டிப்போனாள். 1542இல் கட்டினது. பஸ்ஸிலிருந்து இறங்கிக் காட்டுக்குள் நடக்கவேண்டும். ஏரிக் கரையெல்லாம் நாய்கள், கயிறு கிடையாது, எல்லாம் குளித்துவிட்டு நம் மேல் வந்து உதறும். நனைந்த வேட்டியோடு ஜூலியஸ் சீசரைப் பார்த்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அங்கே ஒரு வரிசை இருக்கிறது: பன்னிரண்டு சீசர்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு ஓவியர் கை. எல்லாரும் நெதர்லாந்துப் பக்கத்து ஆட்கள். ரூபன்ஸ் வரைந்தது ஜூலியஸ் சீசர், 1619. உட்ரெக்ட்டின் பாபுரன் வரைந்தது டைட்டஸ், 1622. டெர் ப்ரூகன் கையும் அதில் உண்டு. தலையும் தோளும் மட்டும். ஒரே பள்ளிக்கூட குரூப் போட்டோவைப் பன்னிரண்டு போட்டோகிராபர் ஆளுக்கொரு பையனாக எடுத்த மாதிரி. ஒருத்தருக்கு வெளிச்சம் இடமிருந்து, ஒருத்தருக்கு மேலிருந்து. பாபுரன் ரோமில் இருந்து கரவாஜ்ஜியோ பாணி இருட்டைப் படித்துவிட்டு ஊர் திரும்பியவர், அது படத்தில் தெரிந்தது.

ரூபன்ஸிடம் நான் கிட்டே போய்ப் பார்த்தது சதை. காசிலும் சிலையிலும் சீசருக்குக் கழுத்து ஒல்லி, சுருக்கம் விழுந்தது. கி.மு. 44இல் அவர் உயிரோடு இருக்கும்போதே அடித்த வெள்ளிக் காசில்கூட கழுத்துக் கோடு எண்ணலாம். வரைகிறவன் அந்தக் கோட்டை அப்படியே பழுப்பால் இழுத்தால் கல்லாகத்தான் நிற்கும். ரூபன்ஸ் எழுதிவைத்த அறிவுரையே உண்டு: சிலையைப் பார்த்து வரை, ஆனால் படத்தில் கல் வாடை அடிக்கக்கூடாது. அவர் நிழலைச் சாம்பலாக விடுவதில்லை. தாடைக்கு அடியில், இருட்டுக்குள்ளேயே, கீழிருந்து வெளிச்சம் திரும்ப ஏறுகிற இடத்தில் ஒரு செம்மை வைப்பார். ரத்தம் ஓடுகிற மாதிரி. நான் 31 வருஷம் கழுத்து நிழலில் பழுப்பை ஒற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் பத்து நிமிஷத்தில் வெளியே போய்விட்டாள்.

15 ஜனவரி

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார்: "அப்போ சிலையைப் பார்த்து வரைந்தால் உண்மை முகம் வந்துவிடும், அதுதானே?"

வராது. இதற்குத்தான் விட்டெல்லியஸ்.

கர்தினால் கிரிமானி 1523இல் வெனிஸ் நகரத்துக்கு எழுதிவைத்த சலவைக்கல் தலை ஒன்று இருக்கிறது. கொழுத்த கன்னம், இரட்டைத் தாடை, கொஞ்சம் அலட்சியமான உதடு. காசில் விட்டெல்லியஸும் பருமன், ஆகவே இது அவர்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். டின்டோரெட்டோ என்ற வெனிஸ் ஓவியரின் பட்டறையில் இந்தத் தலையை எல்லாப் பக்கத்திலிருந்தும் வரைந்து பழகினார்கள். விட்டெல்லியஸ் என்றால் இந்த முகம்தான் என்று ஐரோப்பா முழுக்க ஆகிப்போனது.

இப்போது என்ன சொல்கிறார்கள் என்றால், செதுக்கின முறையைப் பார்த்தால் இது 2ஆம் நூற்றாண்டு வேலை, ஹேட்ரியன் காலத்தை ஒட்டியது. விட்டெல்லியஸ் ஆண்டது 69ஆம் ஆண்டில் ஒரு எட்டு மாதம். ஆக அது யாரோ ஒரு பருமனான ரோமன். உங்கள் 'தெருவில் போகிறவன்' கேஸ் இங்கே மட்டும் ஜெயிக்கிறது, ஆனால் அவனை உட்காரவைத்தது ஓவியன் இல்லை, 1,400 வருஷம் முந்தின சிற்பி!

15 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

விட்டெல்லியஸுக்குச் சூட்டோனியஸ் சொல்கிற அடையாளம்: மிக உயரம், குடியால் சிவந்த முகம், தொந்தி, ஒரு தொடை ஊனம் (காலிகுலா தேர் ஓட்டும்போது இடித்தது). சாப்பாடு பற்றித் தனிப் பத்தி. மயில் மூளை, ஃப்ளமிங்கோ நாக்கு எல்லாம் போட்டு ஒரு தட்டு. பசி நேரத்தில் படிக்காதீர்கள்.

18 ஜனவரி

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில் ரூபன்ஸ் மரப்பலகையில் வரைந்த ஒன்று, சுமார் 1614. ஆணும் பெண்ணும், இரண்டு பேரும் ஒரே பக்கம் பார்க்கிற பக்கவாட்டு முகம், ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல. பழைய செதுக்குக் கல்லில் அரச தம்பதியை இப்படித்தான் காட்டுவார்கள். ஆண் சிவந்த பழுப்பு, பெண் பால் வெள்ளை.

இதை ரொம்ப நாள் டைபீரியஸ், அக்ரிப்பினா என்றார்கள். டைபீரியஸின் முதல் மனைவி அக்ரிப்பினா. அகஸ்டஸ் கட்டாயத்தால் அவளை விலக்கிவிட்டு அகஸ்டஸின் மகளைக் கட்டினார். பிற்பாடு ஒருநாள் தெருவில் அவளைப் பார்த்து, கலங்கிய கண்ணோடு பின்தொடர்ந்தார், இனி அவள் அவர் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால் நெஞ்சை அடைக்கும். இரண்டு பேரும் இவ்வளவு நெருக்கத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

இப்போது அது ஜெர்மானிக்கஸும் அவர் மனைவி இன்னொரு அக்ரிப்பினாவும் என்கிறார்கள். சந்தோஷமான தம்பதி, ஒன்பது பிள்ளைகள். அப்படியானால் படத்தில் இருப்பவர் அரசரே இல்லை, காலிகுலாவின் அப்பா. எனக்கு முகத்தை விட்டு அந்தப் பழைய சோகம் போகமாட்டேன் என்கிறது. பெயர்ப் பலகையை மாற்றினால் முகபாவமே மாறுகிறது, இதைக் காசுக்கு வேலை செய்த எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கவேண்டும்.

18 ஜனவரி, இரவு

பெயர் மாறின கதைகளில் பெரியது பாரிஸ் செயின்ட் சாப்பல் கோயில் பொக்கிஷத்தில் இருந்த ரோமச் செதுக்குக் கல். ஒரு அடி உயரம், ஐந்து அடுக்கு நிறம், அதில் ஒரு கூட்டம் உருவங்கள். பைபிள் யோசேப்பு எகிப்தில் கௌரவம் பெறுகிற காட்சி என்று நூற்றாண்டுகளாக நம்பினார்கள். 1620இல் பெரெஸ்க் என்ற பிரெஞ்சு அறிஞர் பார்த்துவிட்டு, இது டைபீரியஸ் குடும்பமய்யா என்றார். ரூபன்ஸ் அவருக்கு நண்பர், பாரிஸ் போய் அந்தக் கல்லை வரைந்தார். இரண்டு பேரும் இப்படிக் கற்களைப் பற்றிப் புத்தகம் போட நினைத்து, முடிக்காமலே போய்ச் சேர்ந்தார்கள்.

20 ஜனவரி

டைபீரியஸ் என்றதும் ஞாபகம். அவர் முகத்தை நான் முதலில் பார்த்தது ஐரோப்பாவில் இல்லை, எழும்பூர் அருங்காட்சியகத்தில், எட்டாம் வகுப்பு சுற்றுலாவில். கரூர், கோவைப் பக்கம் அகஸ்டஸ், டைபீரியஸ் காசுகள் எவ்வளவு கிடைத்திருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும், மிளகுக்கு வந்த காசு. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் கருக்காக்குறிச்சியில் ஒரே இடத்தில் 501 தங்கக் காசு. பெரும்பாலானவற்றில் அரசன் தலைக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. இனி செலாவணி இல்லை என்பதற்கான குறி என்பது ஒரு விளக்கம்.

ரூபன்ஸ் மேசையில் இருந்த அதே வகைக் காசு. இலை மாலையின் முடிச்சு நாடா பிடரியில் தொங்கும், மூக்கு நேராக இறங்கும். பையன்கள் எல்லாரும் ஐம்பொன் சிலைக்கு ஓடிவிட்டார்கள். நான் வெட்டுப்பட்ட மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு நின்றதில் வாத்தியார் பின்னந்தலையில் ஒன்று வைத்தார்.

21 ஜனவரி

ஸ்பெயினை விட்டுவிட்டேன் என்கிறார்கள். சுர்பரான் என்ற ஸ்பானிய ஓவியரின் பட்டறை பன்னிரண்டு சீசர்களையும் குதிரைமேல் ஏற்றியது. குதிரை, நிலை எல்லாம் டெம்பெஸ்டா என்ற இத்தாலியரின் 1596 அச்சிலிருந்து. அட்லாண்டிக் தாண்டி ஸ்பானிய அமெரிக்காவுக்கு விற்கிற சரக்கு. மொத்த ஆர்டர் வேலை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். குதிரை மட்டும் பரவாயில்லை.

இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் வெர்ரியோ என்ற இத்தாலிய ஓவியர் 1700ஐ ஒட்டி ராஜ படிக்கட்டுச் சுவரில் வரைந்ததும் உண்டு. தேவர்கள் விருந்துக்கு சீசர்கள் வருவதும் அவர்களை நையாண்டி செய்வதும், ஜூலியன் என்ற பிற்கால ரோமப் பேரரசரே எழுதின கேலிக் கதை. பேரரசர்களை இந்த அளவுக்குப் பெரிதாகவும் இந்த அளவுக்கு அசடாகவும் ஒரே சுவரில் பார்க்கவேண்டுமானால் அங்கேதான் போகவேண்டும்.

27 ஜனவரி

இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

ஆன்லைனில் ஒருத்தரிடம் சாடலர் அச்சின் மறுபதிப்பு வாங்கினேன். விட்டெல்லியஸ் கேட்டேன், ஓத்தோ வந்தது. திருப்பி அனுப்பி, மூன்று வாரம் கழித்து விட்டெல்லியஸ் வந்தார். பூதக்கண்ணாடியில் கன்னத்தைப் பார்த்தால் எல்லாம் கோடு. வளைந்து போகும், நிழலில் தடித்து, வெளிச்சத்தில் மயிரிழை ஆகி, ஒரு இடத்தில் வெறும் புள்ளியாகிவிடும். புள்ளி இருக்கிற இடம்தான் கன்னத்தின் மேடு.

பரணிலிருந்து பழைய போட்டோ கலர் புத்தகத்தை எடுத்தேன். தாளில் கலர் காய்ந்திருக்கும், கிழித்துத் தண்ணீரில் போட்டால் இறங்கும். இன்னும் இறங்கியது. பஞ்சில் முதல் ஒற்று மஞ்சள், அதன்மேல் சிவப்பு. குடியால் சிவந்த முகம் என்றால் எவ்வளவு சிவப்பு? மூன்று தடவை துடைத்தேன். ரூபன்ஸை நினைத்துத் தாடைக்கு அடியிலும் ஒரு செம்மை வைத்தேன், அங்கே மட்டும் சரியாக வந்தது. கன்னம் வரவே இல்லை.

கடைசியில் டீ குடிக்க இறங்கினேன். எங்கள் தெருமுனைக் கடைக்காரர் பாய்லர் முன்னால் காலையிலிருந்து நிற்கிற மனுஷன். அவர் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு டீ குடித்தேன். "என்ன சார், மூஞ்சில என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்று மேலே ஓடிவந்து, மறப்பதற்குள் கலர் கலந்து ஒற்றினேன்.

வீட்டில் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "டீக்கடை அண்ணனை எதுக்கு இப்படிப் போர்வை சுத்தி உக்கார வெச்சிருக்கீங்க?"

தம்பி, சிரிக்காதீர்கள்.